தூங்கும் திரையும் தூங்கா விளக்கும்

சபையில் எழுந்து நின்று, தான் கற்றதைப் பிறர் மனங்கொள்ளும்படி எடுத்துரைத்தல் எக்காலத்தும் அரிய செயலாகும். முற்காலத்தில் அதற்கு வேண்டியவை நாவும் நெஞ்சுமே. இந்நாளிலோ மூன்றாவதாக ஒரு துணை வந்து சேர்ந்துள்ளது, அதுவே மடிக்கணினி. வகுப்பறையிலும், வாய்மொழித் தேர்விலும், போட்டி மேடையிலும், வேலைக்கு ஆள் தெரிந்தெடுக்கும் கூடத்திலும், பேசுவோர் தம் பின்னே வெண்திரையில் படங்களும் அட்டவணைகளும் காட்டிப் பேசுதல் வழக்கமாகிவிட்டது. நாவும் நெஞ்சும் விழித்திருக்க, இம்மூன்றாந் துணை மட்டும் நடுச்சபையில் உறங்கிவிடுமாயின் பேசுவோர் கதி யாது? இச்சிறு விஷயத்தைக் குறித்தே நாம் இவ்வாண்டு மலரில் சில கூறப் புகுந்தோம். சிறு விஷயம் என்றோம். ஆயினும் அதனால் ஒருவர்க்கு நேர்ந்த இழப்பைக் கண்ணாரக் கண்ட பிறகு, அச்சொல்லை வழங்க நமக்கு வாய் கூசுகின்றது.

கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, காவிரியின் தென்பால் உள்ளது திருவிடைமருதூர். மகாலிங்கசுவாமி கோயிலாலும், சுற்றிலும் உள்ள நெல்வயல்களாலும், பக்கத்தே திருபுவனத்தின் பட்டுத் தறிகளாலும் அப்பகுதி பெயர் பெற்றது. சென்ற ஆண்டு தைத் திங்களில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், அவ்வூர்ப்பக்கத்துக் கல்விக்கூடம் ஒன்றில் மாணாக்கர்க்கு ஆய்வுரைப் போட்டி ஒன்று நடந்தது. நடுவர் மூவருள் நாமும் ஒருவராய் அமர்ந்திருந்தோம். பேச்சுக்கு எட்டு நிமிஷம். வினாவிடைக்கு நான்கு நிமிஷம். நூறு மதிப்பெண்ணில் முப்பது, திரையில் காட்டும் படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் உரியவை.

ஆறாவதாக வந்தவள் ஒரு தறிக்காரர் மகள். அவள் எடுத்துக்கொண்ட பொருள், நெல்வயலுக்கு நீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுதல் என்பது. வயலில் எந்நேரமும் நீர் தேங்கி நிற்க வேண்டும் என்பது நம் நாட்டார் பலர் எண்ணம். அங்ஙனமன்றி, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதனுள்ளே நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிற்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் அளவு இறங்கிய பின்னரே மறுபடியும் நீர் பாய்ச்சினால் போதும் என்பது பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பிவரும் முறை. இப்பெண் தன் மாமன் வயலில் அக்குழாயைப் பதித்து, ஒரு போகம் முழுதும் விடியற்காலையில் சென்று, நாள்தோறும் அளவெடுத்து எழுதியிருந்தாள். அவ்வட்டவணையே அவள் உரையின் உயிர்நிலை.

அவளுக்கெனச் சொந்த மடிக்கணினி இல்லை. அண்டை வீட்டு அண்ணன் ஒருவருடையதை இரவல் பெற்று வந்திருந்தாள். அவர் காலையில் கடவுச்சொல்லை இட்டுத் திறந்து கொடுத்துவிட்டு, கும்பகோணத்தில் தாம் வேலை பார்க்கும் கடைக்குப் போய்விட்டார். சபைக்கூடத்தில் மின்செருகி மேடைக்கு எட்டாத சுவரில் இருந்தது. ஆகவே யந்திரம் தன் மின்கலத்தைக்கொண்டே ஓடியது. அவள் அட்டவணையைத் திரையில் நிறுத்தி, விசைப்பலகையைத் தொடாது, நம்மை நோக்கி நின்று, எந்த நாளில் நீர் எவ்வளவு இறங்கிற்று, அன்று பயிரின் நிறம் எவ்வாறிருந்தது என்று ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினாள். இரண்டு நிமிஷம் கழிந்தது. திரை இருண்டது. அவள் ஓடிச்சென்று விசையைத் தட்டினாள். யந்திரம் விழித்தது, விழித்ததும் கடவுச்சொல் கேட்டது.

ஆசிரியர் ஒருவரின் தொலைபேசியை வாங்கி இருமுறை அழைத்தாள். மணி ஒலித்தது, எடுப்பார் இல்லை. நேரங்காட்டியோ நிற்கவில்லை. பிறகு அவள், "ஐயா, அனுமதி தந்தால் பலகையில் எழுதிக் காட்டுகிறேன்" என்றாள். தந்தோம். சுண்ணக்கட்டியை எடுத்து வயலையும் வரப்பையும் குழாயையும் வரைந்தாள். நினைவில் இருந்த சில எண்களை எழுதினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. திரைக்கு உரிய முப்பதில், காட்டிய அளவுக்கே மதிப்பெண் தருக என்பது விதி. விதிப்படியே நாமும் தந்தோம். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பரிசு பெற்றவர்களுள் ஒருவன், எட்டு நிமிஷத்தில் முப்பது படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனவன். அவன் விரல் விசையைவிட்டு அகலவே இல்லை. ஆதலால் அவன் யந்திரம் உறங்கவுமில்லை.

இதனை நன்கு கவனித்தல் வேண்டும். ஒரே படத்தின்மேல் நின்று ஆழ்ந்து பேசுதல் நல்லாசிரியர்க்கும் நல்ல பேச்சாளர்க்கும் இலக்கணம். யந்திரத்திற்கோ, விசை தொடாது கழியும் ஒவ்வொரு நொடியும் உறங்குதற்குரிய காரணம். அவசரமாகப் படம் புரட்டுவோர்க்கு அது துணை நிற்கின்றது. நின்று நிதானித்து விளக்குவோரைக் கைவிடுகின்றது. இதை வெறும் யந்திரக் கோளாறு என்று தள்ளிவிடலாகாது. கல்வியின் தராசு ஒருபுறம் சாய்தலும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

யந்திரங்கள் ஏன் இங்ஙனம் உறங்குகின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம். இதில் இரண்டு வழக்கங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று திரைக்காப்பு. முற்காலத்துக் கணினித் திரைகள் கண்ணாடிக் குழாயால் ஆனவை. அவற்றின் உட்புறம் பூசிய ஒளிர்பொருளின்மேல் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அது வடுவாகப் பதிந்துவிடும். இதனைத் தடுத்தற்கு ஜான் சோக்கா என்பார் 1983 டிசம்பரில் 'சாஃப்டாக்' என்னும் பத்திரிகையில் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். சில நிமிஷம் விசை தொடாதிருந்தால் திரையை இருளாக்குவதே அதன் தொழில். பின்னர் வந்தோர் இருளுக்குப் பதிலாகப் பறக்கும் ரொட்டிச்சூட்டான், நீந்தும் மீன் முதலிய விளையாட்டுகளைக் காட்டினர். இக்காலத்து திரவப்படிகத் திரைகளுக்கு அவ்வடு அஞ்சத்தக்கதன்று. எனினும் காப்பு மட்டும், கடவுச்சொற் பூட்டுக்கு வாயிலாய், இன்றும் நிலைத்து நிற்கின்றது.

மற்றொன்று மின்சிக்கனம். 1992-இல் அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழற் காப்பு நிறுவனம் 'எனர்ஜி ஸ்டார்' என்னும் திட்டத்தைக் கணினிகளையும் திரைகளையும் கொண்டு தொடங்கியது. அவ்வாண்டிலேயே இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு கம்பெனியார் மின்சார மேற்பார்வைக்கு ஒரு பொதுவிதி வகுத்தனர். 1993-இல் திரைகளுக்குத் தனியே ஒரு விதி வந்தது. 1996 டிசம்பரில், தோஷிபாவும் சேர்ந்து, இன்றளவும் வழங்கும் 'ஏசிபிஐ' என்னும் விதி வெளிவந்தது. இவற்றால் யந்திரம் தானே திரையை அணைக்கவும், தானே உறங்கவும் கற்றுக்கொண்டது. இஃது உலகத்துக்கு நன்மையே. நமக்கும் நன்மையே. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற காலத்தை நம் தஞ்சை நாட்டார் மறந்திரார். தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய திட்டத்தால் விலையில்லா மடிக்கணினி பெற்ற மாணாக்கர், இருக்கும் மின்கலத்தை இரவுப் படிப்புக்கு மிச்சப்படுத்த வேண்டி, திரை ஒரு நிமிஷத்திலோ இரண்டு நிமிஷத்திலோ அணையும்படி வைத்துப் பழகினர். மின்வெட்டு குறைந்தது, பழக்கம் போகவில்லை. அண்டை வீட்டு அண்ணனின் யந்திரமும் அத்தகையதே. சிக்கனம் கற்ற வீட்டின் யந்திரம் சபையில் அச்சிக்கனத்தாலேயே தண்டனை அடைந்தது.

இனி, யாரைக் குற்றஞ் சொல்வது? "முன்னதாகவே அமைப்பை மாற்றிவைத்திருக்க வேண்டியது பேசுவோர் கடமையன்றோ?" என்று அன்று நடுவருள் ஒருவர் கூறினார். நாமும் அதற்குத் தலையசைத்தோம். வீடு வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் அத்தலையசைப்பு நம்மை உறுத்தியது. யந்திரம் அவளுடையது அன்று. இரவற் பொருளின் அமைப்பைக் கேளாது மாற்றாமை நல்லொழுக்கம் அன்றோ? அன்றியும், போட்டியில் எல்லாரும் தத்தம் படங்களை ஒரே செயலியில் ஏற்றி, அதன் வழியாகவே காட்ட வேண்டும் என்று விதித்திருந்தோம். நேரங்காட்டியும் மதிப்பெண்ணும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதற்காக, இணைய உலாவியில் இயங்கும் அச்செயலியை எழுதுவித்த குழுவில் நாமும் இருந்தோம். வழக்கமாகப் பலரும் கையாளும் பவர்பாயின்ட் போன்ற நிரல்கள், படக்காட்சி நடக்கும்வரை திரையை அணையவிடாது தாமே பார்த்துக்கொள்கின்றன. உலாவியோ, சலனப்படம் ஓடும்போது விழித்திருக்குமேயன்றி, அசையாப் படம் நிற்கும்போது விழித்திராது. விழித்திருக்கும்படி செயலி கேட்டுக்கொள்ள வேண்டும். நம் செயலி கேட்கவில்லை. கேட்பதற்கு வேண்டிய நிரல்வரிகள் கைவிரலால் எண்ணத்தக்கவை. அவற்றை எழுத நாம் சொல்லவில்லை. ஏனெனில், நம் மேசைமேல் இருந்த யந்திரம் எந்நேரமும் மின்சாரத்தோடு இணைந்திருந்தது, ஒருநாளும் உறங்கியதில்லை. நிறைந்த வயிற்றுக்குப் பிறர் பசி தெரியாது என்பது நம் மட்டில் மெய்யாயிற்று.

ஆகவே நம் கருத்தைத் தெளிவாகக் கூறுகின்றோம். பேச்சு நடக்குமளவும் திரையை விழித்திருக்கச் செய்யும் பொறுப்பு, பேசுவோர் மேலது அன்று. காட்சியை நடத்தும் நிரலின் மேலது. அந்நிரலை எழுதுவோர், எழுதுவிப்போர் மேலது.

அது கூடுவதே என்பதற்குச் சான்றுகள் உள. விண்டோஸில் 'செட் திரெட் எக்ஸிக்யூஷன் ஸ்டேட்' என்னும் ஏவல் உண்டு. திரை வேண்டும் என்றும், யந்திரம் வேண்டும் என்றும், இவ்வேண்டுகோள் மறுபடி சொல்லும்வரை நீடிக்க என்றும் நிரல் அதன் வாயிலாகக் கேட்கலாம். இதற்கு யந்திரத்தின் தலைமை அதிகாரம் வேண்டியதில்லை. பொதுக்கூடத்துக் கணினியில், அமைப்புகளைத் தொடும் உரிமையற்ற மாணாக்கர் இயக்கும் நிரலும் கேட்கலாம். ஆப்பிள் கணினியில் அதே பணியைச் செய்யும் கட்டளைக்குக் 'கேஃபினேட்' என்று பெயர்; காப்பியிலுள்ள விழிப்பூட்டும் சத்தினின்று எடுத்த பெயர் அது. கும்பகோணத்து டிகிரி காப்பியை அறிந்த நமக்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை. லினக்ஸில் 'சிஸ்டம்டி இன்ஹிபிட்' என்பது உளது. உலாவிகளுக்கு 'ஸ்கிரீன் வேக் லாக்' என்னும் ஏற்பாடு வந்துள்ளது. குரோம் 2020-இலும், சஃபாரி 2023-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2024-இலும் அதனை ஏற்றன. பாதுகாப்பான இணைப்பில் வரும் பக்கத்திற்கே அது கிட்டும். பக்கம் கண்ணுக்குத் தெரியும்வரையே நிற்கும். வேறு பக்கத்துக்குத் தாவித் திரும்பினால் மறுபடி கேட்க வேண்டும். மின்கலம் மிகக் குறைந்திருந்தால் மறுக்கப்படுதலும் கூடும். ஆதலின் மறுக்கப்பட்டால் அதனைப் பேசுவோர்க்குத் தெரிவித்தலும் நிரலின் கடனாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. திரை அணைதலும் திரைக்காப்புத் தோன்றலும் வெவ்வேறு காவலாளரின் செயல்கள். ஒருவரைச் சமாதானப்படுத்தினால் மற்றவரும் அடங்குவர் என்பதில்லை. மேலே கூறிய விண்டோஸ் ஏவல் திரைக்காப்பைத் தடுக்காது என்று மைக்ரோசாஃப்டாரின் விளக்க ஏட்டிலேயே எழுதியிருக்கின்றது. கடவுச்சொற் பூட்டு மேலிடத்து விதியாக அமைந்துள்ள அலுவலகக் கணினிகளில், நிரல் என்ன சொன்னாலும் அக்காப்பு வந்தே தீரும். ஆதலின் எழுதுவோர் இரண்டையும் சோதித்தறிதல் வேண்டும். அன்றியும், மூடியை மூடினாலும், ஆற்றற் பொத்தானை அழுத்தினாலும், எந்த வேண்டுகோளும் நில்லாது. யந்திரத்துக்கு உடையவர் சொல்லே மேலானது. அது முறையே.

இனி, சிலர் கையாளும் குறுக்குவழிகளைப் பார்ப்போம். ஒரு சாரார், சுட்டியை இடைவிடாது அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவியையோ நிரலையோ நாடுகின்றனர். மனிதன் தொடாதிருக்கத் தொட்டதாக யந்திரத்தை ஏய்ப்பது அது. வேலை செய்யாது வேலை செய்வதாகக் காட்டுதற்கும் அதுவே கருவி. 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோற் போலிசெய்ததாகக் கூறிச் சில ஊழியரை விலக்கிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. நேர்மையாகக் கேட்டால் கிடைக்கும் பொருளைப் பொய்யால் பெறுவானேன்?

மற்றொரு சாரார், யந்திரத்தின் அமைப்பையே 'ஒருபோதும் உறங்காதே' என்று மாற்றிவிடுகின்றனர். நிரல்களுட் சிலவும் அவ்வாறே செய்கின்றன. இதுவே நாம் மிகவும் கண்டிப்பது. அமைப்பை மாற்றிய நிரல் இடையில் முறிந்து நின்றுவிட்டால் மீட்டு வைப்பார் யார்? பேச்சு முடிந்து எல்லாரும் உணவுக்குப் போனபின், மேசைமேல் பூட்டின்றித் திறந்து கிடக்கும் யந்திரத்தில் ஒருவருடைய கடிதம், வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் வழிப்போக்கர் கண்ணுக்கு விருந்தாகும். இரவற் பொருளாயின் உடையவர் அறியாமலே அவர் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தது போலாம். வேண்டுகோளோ அத்தகையதன்று. கேட்ட நிரல் முடிந்தாலும் முறிந்தாலும், அதன் வேண்டுகோளும் அதனுடனே முடிந்துபோகும். யந்திரம் தன் பழைய வழக்கத்துக்குத் தானே திரும்பும். உடையவர் வைத்த அமைப்பு தொடப்படாமலே இருக்கும்.

இவ்விடத்தில் நம் ஊர்க் கோயில்களின் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. இரவும் பகலும் அணையாது எரிவதை நந்தாவிளக்கு என்றும், தூங்கா விளக்கு என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது சோழர் காலத்துப் பெருவழக்கு. இடையர் அவ்வாடுகளை ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். ஆடு சாகும், மூக்கும், ஆயினும் கணக்கில் குறையலாகாது என்பதற்காக அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். விளக்கு தானாக எரியாது; அதனை எரியவைக்கும் பொறுப்பு இன்னார்மேலது என்று கல்லில் எழுதியாக வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. கொடுத்தவர் யார், எந்தத் தெய்வத்தின் விளக்குக்கு, எத்தனை ஆடு, யார் கையில், நாளுக்கு எவ்வளவு நெய் என்பன யாவும் சாசனத்தில் உள. திருவிடைமருதூர்க் கோயிற் சுவர்களிலும் சோழர் சாசனங்கள் பல உண்டு. மராட்டிய அரசகுடும்பத்துப் பெண்மணி ஒருவர் நேர்ந்து வைத்த பாவை விளக்கும் அங்கே கையில் அகலேந்தி நிற்கின்றது.

இக்காலத்து நல்ல நிரல்முறைகளும் அச்சாசன முறையையே, அறிந்தோ அறியாமலோ, பின்பற்றுகின்றன என்பது நமக்கு வியப்பளித்தது. லினக்ஸ் மேசைத்தளத்தில் திரையை விழித்திருக்கச் செய்யக் கேட்கும் நிரல், தன் பெயரையும், கேட்பதற்குரிய காரணத்தையும் சொல்லியாக வேண்டும். பதிலுக்கு ஓர் எண் கிடைக்கும். வேலை முடிந்ததும் அவ்வெண்ணைத் திருப்பிக் கொடுத்து விடைபெற வேண்டும். விண்டோஸில் 'பவர்சிஎஃப்ஜி' என்னும் கட்டளையின் வாயிலாக, இந்நேரத்தில் எந்த நிரல் யந்திரத்தை உறங்கவிடாது வைத்திருக்கின்றது என்று யந்திரத்தின் தலைமை உரிமையுடையோர் கேட்டறியலாம். இன்னார், இன்ன காரணத்துக்காக என்று வெளிப்பட எழுதிவைத்து விழித்திருத்தல் அறம். ஒருவரும் அறியாது அமைப்பைத் திருத்திவிட்டு அகலுதல் அறமன்று.

ஆயின் கோயிலுக்கும் சபைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தெய்வத்தின் விளக்கு என்றும் அணையலாகாது. சபையின் விளக்கோ, சபை முடியுமளவும் அணையலாகாது, முடிந்தபின் எரியலாகாது. முன்னது தவறினால் பேசுவோர்க்கு இழப்பு. பின்னது தவறினால் உடையவர்க்கு இழப்பு. இவ்விரண்டையும் காப்பதே நல்ல நிரலின் இலக்கணம் என்க.

சில மறுப்புகளையும் ஆராய்வோம். இதனால் மின்சாரம் வீணாகாதோ என்பர். மடிக்கணினித் திரை உண்பது சில வாட் மின்சாரமே. அதன் பக்கத்தில் எரியும் படவீச்சுக் கருவி உண்பதோ அதனினும் பன்மடங்கு. பன்னிரண்டு நிமிஷத்துத் திரையொளியில் சிக்கனம் தேடுவார், ஆளில்லாத கூடத்தில் சுழலும் விசிறிகளை முதலில் நிறுத்துக. காவல் தளராதோ என்பர். பேசுவோர் யந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும் நேரத்திற்கு மட்டுமே நாம் விழிப்புக் கேட்கின்றோம். இடைவேளை என்று பொத்தான் அழுத்திய கணமே வேண்டுகோள் விலகுதல் வேண்டும். 'இதற்கென விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே தனி வசதி வந்ததே' என்பர். வந்தது உண்மை, யந்திரம் உறங்காதபடியும், இடையில் அறிவிப்புகள் குதியாதபடியும் ஒரே சொடுக்கில் செய்யும் வசதி அது. ஆனால் விண்டோஸ் 7-இல் அது புரொஃபஷனல் முதலான உயர்விலைப் பதிப்புகளுக்கே கிட்டியது. வீட்டுப் பதிப்பினர்க்கு இல்லை. பணம் உள்ளோர் யந்திரம் சபை மரியாதை அறியும், இல்லாதோர் யந்திரம் அறியாது என்ற நிலையை நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

இது நம் கல்லூரியார்க்கு வேண்டாத ஆராய்ச்சி என்று யாரும் எண்ணற்க. 2025-26-ஆம் ஆண்டுக்குரிய தமிழ்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில், கல்லூரி மாணாக்கர் இருபது லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவிப்பு வந்தது. இனி மேடை ஏறும் யந்திரங்கள் பெருகுமேயன்றிக் குறையா. அவற்றின் முன்னே நிற்கப்போகின்றவர்கள், தம் குடும்பத்தில் முதன்முதலாகச் சபை ஏறுவோர். அவர்களுக்கு ஒருமுறை திரை இருண்டால், இருண்டது யந்திரத்தின் மின்கல அமைப்பு என்று தோன்றாது. தம் தகுதியின்மை என்றே தோன்றும். நடுவர்க்கும் அவ்வாறே தோன்றும். இதுவே நாம் அஞ்சுவது.

ஆதலின் மூவகையார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, மாணாக்க நண்பர்களுக்கு: மேடை ஏறுமுன் யந்திரத்தை மின்சாரத்தோடு இணையுங்கள், இரவல் யந்திரமாயின் கடவுச்சொல்லையோ உடையவரையோ உடன் வைத்திருங்கள், உங்கள் படங்களை ஒரு தாளிலும் அச்சிட்டுக் கையில் கொள்ளுங்கள், விசை தொடாது ஐந்து நிமிஷம் யந்திரத்தை விட்டுவைத்து, அது உறங்குகின்றதா என்று முன்னதாகவே பாருங்கள். இரண்டாவது, ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும்: யந்திரம் உறங்கிய நேரம் பேசுவோர் கணக்கில் சேராது என்று ஒரு வரியை விதிகளில் எழுதுங்கள். நேரங்காட்டியை நிறுத்துதற்கு ஒரு கை போதும். அன்று நமக்கு அக்கை எழவில்லை. மூன்றாவது, இக்கல்லூரியிலிருந்து சென்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் நிரல் எழுதும் பழைய மாணாக்கர்களுக்கு: நீங்கள் எழுதும் நிரலை உங்கள் மேசைமேலுள்ள விலையுயர்ந்த யந்திரத்தில் மட்டும் சோதித்து அமையாதீர்கள். மின்கலம் பாதி தேய்ந்த, இரண்டு நிமிஷத்தில் உறங்கும் பழைய யந்திரம் ஒன்றில், விசை தொடாது, கால்மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

நிற்க. அப்போட்டியின் குழுவினர்க்கு நாம் பின்னர் விரிவாக எழுதினோம். செயலி திருத்தப்பட்டது, விழித்திருக்குமாறு கேட்கவும், முடிந்ததும் விடவும் அஃது இப்போது அறியும். நேரங்காட்டியை நிறுத்தும் விதியும் சேர்க்கப்பட்டது. ஆயினும் முன்னர் அறிவித்த முடிவு அறிவித்ததே. அதனை மாற்ற விதியில் இடமில்லை என்றனர். அப்பெண்ணின் அளவைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி நாம் முழுதும் படித்தோம். ஒரு நாளும் விடாது எழுதியிருந்தாள். மழை பெய்த நாளில் எழுத்து நனைந்து கலைந்திருந்தது. அதன் பக்கத்திலேயே மறுபடியும் எழுதியிருந்தாள். படித்து முடித்தபின், அன்று நாம் இட்ட மதிப்பெண் நம் கையெழுத்தோடு நினைவுக்கு வந்தது. அடுத்த தைத் திங்களில் அக்கூடத்தில் திரைகள் உறங்கா என்பது ஓர் ஆறுதலே. எனினும் ஒரு போகம் முழுதும் விடியலில் விழித்திருந்தவளுக்கு, பன்னிரண்டு நிமிஷம் விழித்திருக்க யந்திரத்தை நாம் கேட்டுக்கொள்ளத் தவறினோம். அக்கடன் இன்னும் நம் கணக்கிலேயே நிற்கின்றது.